கால் பார்க்கும் கண்ணாடி

எங்கள் வீட்டில் முகம் பார்க்க ஒரு கண்ணாடி, கால் பார்க்க ஒரு கண்ணாடி. முகக் கண்ணாடி பீரோவில் பதித்தது. கால் கண்ணாடி, சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பு போட்ட சின்ன வட்டக் கண்ணாடி. என் மாமனார் முதலில் சவரம் செய்வதற்குத்தான் அதை வாங்கி வைத்திருந்தார். தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கண்ணாடியைத் தரையில் மல்லாத்தி வைத்து, அதற்கு மேலே வலது காலைத் தூக்கிப் பிடித்து, உள்ளங்காலை மூலை முடுக்கு விடாமல் பார்ப்பார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரிப்பார். பிறகு இடது கால். விருந்தாளி யாராவது பார்த்துவிட்டு, "என்னாங்க, பெரியவரு கால்ல அழகு பாக்குறாரு?" என்று கேட்டால் போச்சு, அவருக்குக் கொண்டாட்டம். "மூஞ்சி கெட்டா ஊரே சொல்லும். உள்ளங்காலு கெட்டா எவன் சொல்லுவான்?" என்று ஆரம்பித்து, கேட்டவரின் செருப்பைக் கழற்றச் சொல்லும் வரைக்கும் விடமாட்டார்.

எனக்கு அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் அவர் சூளை மேஸ்திரி. நானும் அதே யூனிட்டில்தான் வேலை பார்த்தேன். காய்ந்த ஜாடிகளையும் பொம்மைகளையும் பளபளப்பு கொடுக்கும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து அடுக்குவது என் வேலை. அவற்றைச் சூளையில் அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, வேகவைத்து, ஆறவைத்து, திறப்பது அவர் வேலை. என் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில் இருந்தார். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் நானும், பள்ளிக்கூடம் போகும் என் மகளும், மாமாவும்தான். வேலைக்குப் போனாலும் மாமா முகம், வீட்டுக்கு வந்தாலும் மாமா முகம். சண்டை போட வேறு ஆளே கிடையாது என்பதால் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே போட்டுக்கொண்டோம்.

சூளையைத் திறப்பது லேசான காரியம் இல்லை. உள்ளே சூடு இருக்கும்போது திறந்தால் வெளிக்காற்று பட்டதும் சரக்கு எல்லாம் விரிசல் விட்டுவிடும். சூடு பார்க்க மீட்டர் இருந்தது. ஆனால் மாமாவுக்கு மீட்டர் என்றால் இளப்பம். அவருக்கென்று ஒரு வழக்கம். அடைத்த வாசலின் அடியில் இரண்டு செங்கல்லை உருவிவிட்டு, வலது காலை உள்ளே நீட்டி, தரைக்கல்லில் கட்டைவிரலை ஊன்றுவார். யூனிட்டே வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கும். "சுட்டா ஒரு நாளு. வெதுவெதுன்னா அரை நாளு. ஒண்ணுமே தெரியலையா, தொற!" இதுதான் சூத்திரம். முப்பது வருஷமாக ஒரு தடவையும் பிசகியதில்லை. "மீட்டரு பொய் சொல்லும்டா, காலு சொல்லாது" என்று அவர் சொல்லும்போது நான்கூடப் பெருமையாக நிமிர்ந்து நிற்பேன்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கண்டுபிடித்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அதற்கும் தினம் கற்பூரம் காட்டினோம், அவ்வளவுதான். தலை சுற்றினால் ஒரு மாத்திரை போடுவார், சுற்றாவிட்டால் போடமாட்டார். டீயில் சர்க்கரை குறைக்கச் சொன்னால், "ஏறுனா எனக்குத் தெரியாதா? ஒடம்பு சொல்லும்மா" என்பார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். உடம்பு சொல்லும் என்றுதானே நாம் எல்லாருமே நம்பிக்கொண்டிருக்கிறோம்! சர்க்கரையின் திருட்டுத்தனமே அங்கேதான் இருக்கிறது என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குச் சூளை நிறைய ஊறுகாய் ஜாடி. மாமா செங்கல்லை உருவினார், காலை நீட்டினார். வழக்கமாக ஊன்றிய வேகத்தில் எடுத்துவிடுகிறவர், அன்றைக்கு எடுக்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் நானே மனசுக்குள் எண்ணியிருப்பேன். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. "ஒண்ணும் தெரியல. தொறங்கடா!" என்றார். மீட்டர் பார்க்கும் பையன் எதையோ சொல்ல வாயெடுத்தான், மாமா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். செங்கல் சுவரைப் பிரித்தார்கள். அனல் வந்து எங்கள் முகத்தில் அறைந்தது. உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். காலித் தம்ளரை நகத்தால் சுண்டினால் வருமே, அப்படி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக டிங், டிங், டிங் என்று சூளை முழுக்க. ஒரு ஜாடி மிஞ்சவில்லை. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் மாமாவைக் கொன்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

எல்லாரும் ஜாடியைப் பார்த்தோம், காலை ஒருவரும் பார்க்கவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரக் கால்தடம். ஒரே ஒரு காலின் தடம்! தண்ணீரை மிதித்திருந்தால் இரண்டு காலும்தானே பதியும்? கிட்டே போய்ப் பார்த்தேன். வலது கட்டைவிரலும் அதன் அடியும் வெந்து, கொப்புளம் உடைந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. "மாமா, வலிக்கலீங்களா?" என்று அலறினேன். அவர் குனிந்து ஏதோ அடுத்தவர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இல்லையேம்மா" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் என் கையை நானே கடித்துக்கொள்ளத் தோன்றும். எங்கள் யூனிட்டில் யாருக்குச் சூடு பட்டாலும் ஒரே வைத்தியம்தான். ஜாடி செய்யும் வெள்ளை மண்ணைக் குழைத்துப் பூசுவது. ஜில்லென்று இருக்கும், எரிச்சல் அடங்கும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைக் கேலி பேசுவார்கள். நாங்கள் வெளுத்ததெல்லாம் மருந்து என்று நம்பினோம். மண்ணைக் குழைத்து, அவர் காலை என் மடியில் வைத்துப் பூசிவிட்டவளே நான்தான். எரிச்சலே இல்லாத காலுக்கு எதற்கு எரிச்சல் அடக்குகிற மண் என்று எனக்கு உறைக்கவில்லை. மண் காய்ந்து ஓடாகிவிட்டது, புண் கண்ணுக்கு மறைந்துவிட்டது. நாலு நாள் நிம்மதியாக இருந்தோம். ஐந்தாம் நாள் நாற்றம் அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்த மண்ணை ஊறவைத்து ஊறவைத்து எடுக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்று பயந்தேன், திட்டவில்லை. ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்து மாமாவின் உள்ளங்காலில் அங்கங்கே குத்தி, "தெரியுதா பெரியவரே?" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த மாமா, "நீங்க இன்னும் ஆரம்பிக்கலையேம்மா" என்றார். டாக்டரம்மா அதற்குள் ஏழெட்டு இடத்தில் குத்தி முடித்திருந்தார். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஓடி ஓடிக் கால் நரம்புகள் மரத்துப்போய்விட்டன, அதனால்தான் சூளைச் சூடும் தெரியவில்லை, புண் வலியும் தெரியவில்லை என்று விளக்கினார். "ரத்த ஓட்டம் நல்லா இருக்குது, அது உங்க அதிர்ஷ்டம். ஆனா சர்க்கரை எறங்கணும், சீழ் நிக்கணும். பதினஞ்சு நாளு பாப்போம். இல்லைன்னா கட்டைவிரலை எடுக்கறாப்புல இருக்கும்" என்றார். ஊசி, மாத்திரை, தினம் கட்டு மாற்றுவது, அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று வரிசையாகச் சொன்னார். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "கட்டைவிரலை எடுத்துட்டீங்கன்னா, நான் செத்தப்புறம் இவங்க எதை எதோட சேத்துக் கட்டுவாங்க?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். செத்தவருக்கு இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டுவது நம்மில் யார் வீட்டில் இல்லை? எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோவில் வரும்போது பொங்கிப் பொங்கி அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. "விரலு போவக் கூடாது மாமா. போனா நான் பூசுன மண்ணாலதான் போச்சுன்னு காலம் பூரா நெனைப்பேன். எனக்காகவாவது சொன்னபடி கேளுங்க" என்றேன். மனிதர் முதல்முறையாக எதிர்ப்பேச்சு பேசாமல் தலையாட்டினார்.

தலையாட்டினாரே தவிர, முதல் நாலு நாள் பிணம் மாதிரிதான் கிடந்தார். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். புண்ணைவிட அந்த 'டிங்' சத்தம்தான் அவரை அரித்தது. "முப்பது வருஷம் நம்புன காலு, என்னையே ஏமாத்திடுச்சேம்மா" என்று ஒரே பாட்டு. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததால் நான் தட்டும் கையுமாகக் கட்டிலையே சுற்றி வந்தேன். மனசு படுத்துவிட்டால் மருந்து மட்டும் எழுந்து நின்று என்ன செய்யும்? யோசித்து யோசித்து ஒரு வேலை செய்தேன். யூனிட்டில் சூளை எரியும்போது மணிக்கு ஒரு தரம் சூட்டைக் குறித்துக் கோடு இழுக்கும் சார்ட் தாள் உண்டு. அதில் ஒரு கட்டு வாங்கிவந்து கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் முன்பே குவைத்திலிருந்து கொடுத்தனுப்பி, பிரிக்காமலே கிடந்த சுகர் பார்க்கும் மிஷினை அவர் கையில் கொடுத்தேன். "இந்தாங்க மேஸ்திரி, உங்க ஒடம்புதான் சூளை. காலு சொல்லாததை இந்த மீட்டரு சொல்லும். நீங்களே கோடு இழுங்க" என்றேன்.

அடேயப்பா! அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மீட்டர் என்றாலே முகம் சுளித்தவர், விரலைக் குத்தி, எண் வருவதற்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டாம் நாளே கோட்டைப் பார்த்துக் கத்தினார். "எம்மா, இங்க வா! எவன் சூளையை இப்புடி எரிப்பான்? மத்தியானம் பாரு, ஒரே ஏத்தமா ஏத்தியிருக்குது. சரக்கு வெடிக்காம என்னா பண்ணும்?" மத்தியானம் மூன்று கரண்டி சோறு தின்றதன் கோடு அது. மறுநாள் அவரே ஒரு கரண்டியாகக் குறைத்தார். கீரையும் சுண்டலும் முதலில், சோறு கடைசியில் என்று வரிசையை மாற்றினார். கோடு படுத்துவிட்டது. "சின்னத் தீயில ஏத்தணும்மா, சின்னத் தீயில!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் பையைக் கழற்றுவதற்கு முன்னால் சார்ட்டைத்தான் பார்ப்பாள். இன்றைக்கு ஏறுமா இறங்குமா என்று கிரிக்கெட் மாதிரி ஆகிவிட்டது வீடு!

பெரிய கண்டுபிடிப்பு கேழ்வரகுக் கூழ். சர்க்கரைக்காரர்களுக்குக் கூழ்தான் அமிர்தம் என்று எங்கள் தெருவே சொல்லும். சொம்பு நிறையக் குடித்துவிட்டு மிஷினில் பார்த்தால், சோற்றுக்குச் சமமாக ஏறியிருந்தது! அதே கேழ்வரகில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டி, பாதி வயிற்றுக்குத் தின்றால் மெதுவாக ஏறியது. "கூழு ஓடுது, அடை நடக்குது" என்றார். நாளெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி எங்கள் உயிரை எடுத்தார். காலை ஊன்றக் கூடாது என்பதால் நடக்க முடியாது. சும்மா இருப்பாரா? யூனிட்டிலிருந்து அன்றைக்கு விரிசல் விட்ட ஜாடிகளில் இரண்டை வரவழைத்தார். வலது காலைச் சின்ன ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, கைக்கு ஒரு ஜாடியாகப் பிடித்து, சாப்பிட்டதும் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிப் பயிற்சி செய்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏம்மா, ஒங்க மாமனாருக்கு ஊறுகா ஜாடியோட என்னா சண்டை?" என்று கேட்டாரே பார்க்கலாம்! தன்னைத் தலைகுனிய வைத்த ஜாடியையே அவர் தலைக்கு மேலே தூக்கியதைப் பார்த்தபோது, இந்த ஆள் பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

கண்ணாடியும் அந்த நாட்களில்தான் தரைக்கு வந்தது. கட்டு மாற்றும்போது புண் எப்படி இருக்கிறது என்று நான் சொல்வதை அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று சந்தேகம். சவரக் கண்ணாடியைக் காலடியில் பிடித்துத் தானே பார்த்தார். ஒரு நாள் கறுப்பாகத் தெரிந்த ஓரம் அடுத்த வாரம் சிவப்பானது. சிவப்பு நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "செவந்துடுச்சும்மா! செங்கல்லு வெந்தாப்புல செவந்துடுச்சு!" என்று அவர் கத்திய கத்தலில் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் ஓடினேன்.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அந்த சார்ட் தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார், ஏதோ கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர் மாதிரி. டாக்டரம்மா காலைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நான் கும்பிடாத சாமி பாக்கியில்லை. "விரலு தப்பிச்சுது பெரியவரே. முழுசா ஆற இன்னும் ரெண்டு மாசம் ஆவும். ஆனா எடுக்க வேண்டியதில்ல" என்றார். மாமா என் தலையில் கையை வைத்தார். "மண்ணு பூசுனதை மறந்துடும்மா" என்றார். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் நான் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அப்படி அழுதது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

புண் ஆறியதும் முதலாளியே ஆள் அனுப்பினார். முதல் நாள் மாமா மெத்தென்ற ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு யூனிட்டுக்குள் நுழைந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள், ஏனோ நானும் தட்டினேன். சூளை திறக்கும் நேரம் வந்தது. பழக்கதோஷத்தில் எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள். அவர் மீட்டர் பார்க்கும் பையனைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "நீ சொல்லுப்பா. என் காலு பொய்யி, நம்ம மீட்டருதான் நெசம்" என்றார். அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள் ஆறணும் என்றான் பையன். மறுநாள் ஆறிய சூளையைத் திறந்தார்கள், ஒரு 'டிங்' இல்லை.

அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். காலையில் கண்ணாடி, ஷூவை உதறி உள்ளே கைவிட்டுப் பார்ப்பது, நேரத்துக்கு மருந்து, சாப்பாட்டுக்குப் பின் பெரிய கோயில் வீதியில் ஒரு நடை, சர்க்கரை திடீரென்று இறங்கினால் அவசரத்துக்குச் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய். குளிக்கிற வெந்நீரைக்கூடக் காலை வைத்துப் பார்க்கமாட்டார், நான் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மனசு சரியில்லை என்றால் வாய்விட்டுச் சொல்வார். "இன்னிக்கு உள்ள கொஞ்சம் பொகையுதும்மா" என்றால், டீயைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுவேன். எப்போதாவது கல்யாண வீட்டில் ஜாங்கிரி தின்றுவிட்டு வந்து, திருடன் மாதிரி மிஷினைத் தேடுவார். கோடு ஏறியிருப்பதைத் தானே குறித்துவிட்டு, "ஜாங்கிரிக்கு இது தகும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். சாமியார் ஒன்றும் ஆகிவிடவில்லை அவர்.

போன மாசியில், எழுபத்து மூன்று வயதில், காலை நடை போய்வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு காலடிக்கு வந்தார். "குடுங்க, நான் கட்டறேன்" என்று வாங்கிக்கொண்டேன். என்னடா மருமகள் இப்படி என்று யாரோ முணுமுணுத்தார்கள். இருக்கட்டுமே! வலது கட்டைவிரலில் அந்தத் தழும்பு வழவழவென்று மின்னியது. இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்தபோது எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டார் மனிதர்! நன்றாக இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டேன்.

இப்போது எனக்கும் சர்க்கரை. கண்டுபிடித்து ஆறு மாதம் ஆகிறது. கண்டுபிடித்த அன்றைக்கே சுவரில் சார்ட் ஒட்டிவிட்டேன். உடம்பு சொல்லட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை, தினம் போய் நானே கேட்டுவிடுவேன். இன்று காலையும் ஜன்னல் வெளிச்சம் வந்ததும் அந்தச் சிவப்பு விளிம்புக் கண்ணாடியைத் தரையில் வைத்து, வலது காலைப் பார்த்தேன், இடது காலைப் பார்த்தேன், விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தேன். கீறல் இல்லை, கொப்புளம் இல்லை. கட்டைவிரல் இரண்டையும் ஆட்டிக் காட்டி, அவர் படத்தைப் பார்த்துச் சொன்னேன்: "கட்டறதுக்கு ரெண்டும் இருக்குது மாமா."